சனிக்கிழமை மன்றத்தைத் திருப்பிக் கொடுங்கள்: எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தாளாளர் ஐயா அவர்களுக்கும், முதல்வர் அம்மா அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை அம்மா எனக்குப் படித்துக் காட்டினார். மேல்நிலை வகுப்புகளுக்குச் சனிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளில் நடந்துவந்த மன்றங்கள் நிறுத்தப்படுகின்றன, அந்த நேரம் இனி நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு. கணினி ஆய்வகம் செய்முறைத் தேர்வு நெருங்கும்போதுதான் திறக்கும். படிப்புக்குச் சம்பந்தமில்லாத பொருள் பையில் இருந்தால் பறிமுதல். அதோடு, வீட்டிலும் லேப்டாப், கேமரா போன்றவற்றைப் பொதுத் தேர்வு முடியும்வரை பூட்டி வைக்கும்படி பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்.

நான் பதினொன்றாம் வகுப்பு கணிதம்-கணினி அறிவியல் பிரிவு மாணவி. எலக்ட்ரானிக்ஸ் மன்றத்தில் இருந்தவள். வகுப்புத் தலைவி மூலம் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தோம். பதில் வரவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று வாய்வழியாகச் சொன்னார்கள். அதற்குள் இந்த வருடமே முடிந்துவிடும். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் விடுதித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்றம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பெண்கள் விடுதி மொட்டை மாடியில் இருக்கும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி காலை நேரத்தில் அடிக்கடி காலியாகிவிடும். எல்லாரும் குளிக்கிற நேரத்தில்தான் தீரும். அப்புறம் வார்டன் அம்மா காவலாளி அண்ணனைக் கூப்பிட, அவர் ஏணி ஏறி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இறங்கி வந்து மோட்டார் போடுவார். பாதிப் பேர் சோப்போடு நிற்பார்கள். விடுதியில் இருக்கும் என் வகுப்புத் தோழி இதை மன்றத்தில் சொன்னாள். சரி, இதற்கு ஏதாவது செய்யலாம் என்று நாங்கள் ஆரம்பித்தோம்.

தேவைப்பட்டது பெரிய சாமான் எதுவும் இல்லை. புரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய அர்டுயினோ என்ற சின்ன போர்டு ஒன்று, தொட்டி மூடிக்கு அடியில் பொருத்த ஓர் அல்ட்ராசானிக் சென்சார், மூன்று எல்இடி, ஒரு பஸ்ஸர், நீள ஒயர். எல்லாம் கோவை காந்திபுரம் பக்கத்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை. நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கினோம். அந்தச் சென்சார் நம் காதுக்குக் கேட்காத ஒலியைக் கீழே அனுப்பும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரிந்துவிடும். போக ஒரு முறை, வர ஒரு முறை என்பதால் நேரத்தை இரண்டால் வகுத்து ஒலியின் வேகத்தால் பெருக்க வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

கட்டி முடித்துப் பொருத்தியபின் ஒரு விசித்திரம். காலையில் சரியாகக் காட்டிய கருவி, மத்தியானம் உண்மையில் இருப்பதைவிடத் தண்ணீரை அதிகமாகக் காட்டியது. அதிகம் என்றால் மூன்று சென்டிமீட்டர் போல. ஸ்கேல் போட்டு அளந்து பார்த்தோம். மறுபடியும் அதேதான். ஒயரை மாற்றினோம், சென்சாரை மாற்றினோம், அப்படியும் அதேதான். சாயங்காலம் ஆக ஆக வித்தியாசம் குறைந்தது.

கடைசியில் விடை எங்கள் இயற்பியல் புத்தகத்தில் இருந்தது. பதினொன்றாம் வகுப்பு அலைகள் பாடத்தில், காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 0.61 மீட்டர் கூடும் என்று இருக்கிறது. கறுப்புத் தொட்டிக்குள் மத்தியானம் காற்று எப்படிக் கொதிக்கும் என்று மூடியைத் திறந்த யாருக்கும் தெரியும். காலையைவிட இருபது டிகிரி கூடினால் வேகம் வினாடிக்குப் பன்னிரண்டு மீட்டர் கூடிவிடும். ஒலி சீக்கிரம் திரும்பி வரும், தண்ணீர் பக்கத்தில் இருப்பதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்றரை சென்டிமீட்டர் வருகிறது. நாங்கள் அளந்த வித்தியாசம் கிட்டத்தட்ட அதேதான்! வெப்பநிலை பார்க்கும் சின்னச் சென்சார் ஒன்றைக் கூடச் சேர்த்து, வேகத்தை அதற்கேற்பத் திருத்தும்படி இரண்டு வரி எழுதினோம். கருவி சரியாகிவிட்டது.

ஐயா, அந்தப் பாடத்தில் இருந்து தேர்வில் எப்படிக் கேள்வி கேட்டாலும் எங்கள் மன்றத்தில் இருந்த யாரும் விடமாட்டோம். மனப்பாடம் செய்ததால் இல்லை. அந்த 0.61 இல்லாமல் விடுதியில் விளக்கு தப்பாக எரிந்தது என்பதை நேரில் பார்த்தோம், அதனால்.

பச்சை எரிந்தால் தொட்டி நிறைந்திருக்கிறது, மஞ்சள் என்றால் பாதி, சிவப்பு எரிந்து பஸ்ஸர் அடித்தால் மோட்டார் போடு. மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தோம். காவலாளி அண்ணன் ஏணி ஏறுவதை விட்டுவிட்டார். இப்போது மன்றம் நின்றதும் அந்தக் கருவியையும் கழற்றி அலுவலக பீரோவில் வைத்துவிட்டார்கள். அண்ணன் மறுபடியும் ஏணி ஏறுகிறார். விடுதிப் பிள்ளைகளிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வார்டன் அம்மாவிடமும் கேளுங்கள்.

படிப்புக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதே பீரோவில் ஒயர்களைப் பற்றவைக்கும் எங்கள் சால்டரிங் அயர்ன் இருக்கிறது. பக்கத்து வகுப்புப் பையனின் ரூபிக்ஸ் கியூப் இருக்கிறது. இன்னொருத்தியின் பறவைக் குறிப்பேடும் இருக்கிறது. அது வெறும் நாற்பது பக்க நோட்டு. வெள்ளோட்டிலும் நஞ்சராயன் குளத்திலும் அவள் பார்த்த பறவைகளைத் தேதி போட்டு எழுதி, பென்சிலில் அலகை மட்டும் வரைந்து வைத்திருப்பாள். அந்த இரண்டு இடமும் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ளவை. வெள்ளோடு 2022-ல் சேர்ந்தது, திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-ல். உலகம் முழுவதும் மதிக்கும் ஈரநிலங்கள் நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, அதை உட்கார்ந்து கவனிக்கிற ஒரு பிள்ளையும் நம் பள்ளியில் இருக்கிறாள். அவள் நோட்டு இப்போது பூட்டிக் கிடக்கிறது. இதில் எனக்குக் கோபம்தான் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

பொழுதுபோக்கு என்றாலே பெரியவர்கள் காதில் அது நேரத்தைக் கொல்வது என்று விழுகிறது போல. எங்கள் நாளில் கொல்வதற்கு நேரம் எங்கே இருக்கிறது? காலையில் ஆறரைக்கு எங்கள் ஸ்டாப்புக்கு வேன் வந்துவிடும். போனதும் சிறப்பு வகுப்பு, அப்புறம் பாடவேளைகள், அப்புறம் தினத் தேர்வு, பொழுது சாய்ந்து விளக்குப் போட்டபின்தான் வீடு. மதியச் சோற்றை அவசர அவசரமாகத் தின்றுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாதிக்குத் தேர்வு வந்துவிடுகிறது. உடற்கல்விப் பாடவேளை கால அட்டவணையில் இருக்கிறது, மைதானத்துக்குப் போனவர்கள்தான் இல்லை. இதற்கு நடுவில் எங்களுக்கென்று இருந்தது அந்தச் சனிக்கிழமை இரண்டு பாடவேளை மட்டும்.

என் அனுபவத்தில், கையால் ஏதாவது செய்துவிட்டு வந்தபின் படிக்க உட்கார்ந்தால் பாடம் ஏறுகிறது. தொடர்ந்து நான்கு பாடவேளை ஒரே இடத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதியபின் ஐந்தாவதில் ஆசிரியர் என்ன சொன்னாலும் காதில் விழுவதோடு சரி. என் பேச்சை நம்ப வேண்டாம். மன்றங்களில் இருந்தவர்களின் காலாண்டு மதிப்பெண்கள் உங்களிடமே இருக்கின்றன. மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மன்றத்தால் யாருக்கு எந்தப் பாடத்தில் குறைந்தது என்று சொல்லுங்கள்.

ஆண்டு விழாவில் தாளாளர் ஐயா ஜி.டி. நாயுடு அவர்களைப் பற்றிப் பேசினீர்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர், பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி, கஷ்டப்பட்டு வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றுக்கொண்டவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரு பஸ் விட்டுத் தொழிலைத் தொடங்கியவர். இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-ல் கோவையில் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான் வைத்தார்கள். அவர் நம் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்து, ஒரு பழைய மோட்டாரைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தால் அந்த மோட்டார் இன்று எந்த பீரோவில் இருக்கும்? இதைக் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. மேடையில் நீங்கள் மனதாரச் சொன்னதை நான் மனதார நம்பினேன். அதனால் கேட்கிறேன்.

நம் ஊரே கழற்றிப் பார்த்து வளர்ந்த ஊர். பம்ப்செட், கிரைண்டர், பனியன் மெஷின், திருச்செங்கோட்டு ரிக் வண்டி, நாமக்கல் லாரி பாடி, கரூர் பஸ் பாடி என்று எதை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ஸ்பேனரோடு உட்கார்ந்து யோசித்த யாரோ ஒருவர் இருக்கிறார். என் அப்பா சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். ஒரு தறியின் சத்தம் கொஞ்சம் மாறினாலே எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதை அவருக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

சிறுமுகையில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கைத்தறிக்கு மேலே ஜக்கார்டு அட்டைகள் சரம் சரமாகத் தொங்கும். சின்ன வயதில் இருந்தே பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் அட்டையிலும் வரிசையாகத் துளைகள். துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதோடு சேர்ந்த பாவு நூல் மேலே தூக்கும். துளை இல்லாவிட்டால் நூல் அப்படியே கிடக்கும். அட்டை ஒவ்வொன்றாக நகர நகர முந்தானையில் மயில் வந்துவிடும். 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு செய்த இயந்திரம் அது. அந்த அட்டை யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். கணினி வகுப்பில் 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் பைனரி எண் நடத்தியபோது பலரும் முழித்தார்கள். எனக்கு அது அந்தத் தறி மேல் தொங்கியதுதான் என்று சட்டென்று புரிந்தது. இப்போது சில தறிகளில் அட்டைக்குப் பதில் பென்டிரைவ் செருகுகிறார்கள். நாளைக்கு அதற்கு டிசைன் போடவும், பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் இந்த மாவட்டத்துப் பிள்ளையாக இருக்கக் கூடாதா?

கணினி ஆய்வகத்தைப் பூட்டியதற்கு வருகிறேன். காரணம் எனக்குத் தெரியும். பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணினி அறிவியல் அதில் சேராது. அதனால் அந்தப் பாடத்துக்குக் கொடுக்கும் நேரம் வீண் என்று கணக்குப் போட்டுவிட்டீர்கள். ஆனால் அந்தப் பாடத்தைத்தான் பிரிவாகக் காட்டிச் சேர்க்கை நடத்தினீர்கள். ஆய்வகத்துக்கென்று தனிக் கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள், ரசீது வீட்டில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று இரண்டு கணினி மொழிகள். இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம்தான் கீபோர்டில் கை வைப்போம் என்றால் எப்படி? ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால், நாம் எழுதியதைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் எந்த வரியில் நின்று என்ன சொல்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்த மொழி பழகும்.

அந்தப் பைத்தானே ஒருவரின் பொழுதுபோக்கில் பிறந்ததுதான். கைடோ வான் ரோசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சும்மா இருக்க வேண்டாம் என்று எழுத ஆரம்பித்தார். விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் லினக்ஸும் அப்படியே. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது, பொழுதுபோக்காகத்தான் செய்கிறேன், பெரிதாக ஒன்றும் வராது என்று சொல்லித்தான் அதை வெளியே அறிவித்தார். அப்போது அவருக்கு 21 வயது. இன்று நம் ஆண்ட்ராய்டு போன்களுக்குள் ஓடுவதும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல்தான். பாடப்புத்தகம் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு மொழியே இப்படித்தான் உண்டானது என்று தெரிந்தபின், பொழுதுபோக்கைப் பறிமுதல் செய்யும் சுற்றறிக்கையை என்னால் அமைதியாகப் படிக்க முடியவில்லை.

என் பக்கத்தில் உட்காரும் தோழிக்குக் கணினி மேல் ஆசையே இல்லை, கோலம் என்றால் உயிர். ஆய்வகத்தில் பைத்தானில் டர்ட்டில் என்று ஒன்று இருப்பதைப் பார்த்தாள். எழுதிய கட்டளைப்படி திரையில் கோடு போட்டுக்கொண்டே போகும். புள்ளி வைத்து வளைக்கும் சிக்குக் கோலத்தை அதில் கொண்டுவர முடியுமா என்று உட்கார்ந்தாள். எத்தனை டிகிரி திரும்ப வேண்டும், எங்கே மறுபடி மறுபடி வருகிறது என்று தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்துத் திரும்பி வந்து எழுதுவாள். லூப் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையே வரவில்லை. ஐந்து புள்ளிக் கோலம் முடிந்தது. ஏழு புள்ளி பாதியில் நிற்கிறது, அந்த ஃபைல் ஆய்வகக் கணினியில்தான் இருக்கிறது.

அவளிடம் வீட்டில் கணினி இல்லை. இதை நீங்கள் யோசித்திருப்பீர்களா என்று தெரியவில்லை, அதனால் விரித்துச் சொல்கிறேன். பள்ளி ஆய்வகத்தை மூடினால் எங்கள் வகுப்புப் பையன்களுக்கு வேறு வழி உண்டு. கடைவீதியில் செல்போன் சர்வீஸ் கடையில் போய் நிற்கலாம், பட்டறையில் அண்ணன்களோடு உட்காரலாம், சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாங்கள் போய் நிற்க முடியாது. நின்றால் அன்று பொழுதோட வீட்டுக்குச் செய்தி வந்துவிடும். ஒரு பெண் பிள்ளை ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்து, யாரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு பொருளைத் திறந்து பார்க்க எங்களுக்கு இருந்த ஒரே இடம் அந்த அறை. சுற்றறிக்கை எல்லாருக்கும் பொதுவாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நஷ்டம் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. எலக்ட்ரானிக்ஸ் மன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

அரசுப் பள்ளியில் படிக்கும் என் சித்தி மகன் வந்தால் வானவில் மன்றம் பற்றித்தான் பேச்சு. 2022 நவம்பரில் அரசு தொடங்கிய திட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல், கணிதச் சோதனைகளைக் கையால் செய்து பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, ஏக்கமாகவும் இருக்கிறது. எங்கள் அப்பா தறிக்கூலியில் மிச்சம் பிடித்து என்னை இங்கே சேர்த்தது, அங்கே கிடைப்பதைவிடக் கூடுதலாக ஏதாவது கிடைக்கும் என்றுதான்.

இனி வீட்டில் பூட்டச் சொன்னதைப் பற்றிப் பெற்றோர்களிடம் பேச வேண்டும். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது, அதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வகுப்புக்குள் போன் வேண்டாம் என்ற விதியில் எனக்கு முழு உடன்பாடு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது மிகச் சரி என்பேன். சாதாரண வீடியோ கேமைப் பற்றிக் கேட்டால், பரீட்சை முடிந்த நாளில் தம்பியோடு கொஞ்ச நேரம் ஆடுவது எனக்குப் பிடிக்கும், அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் ரீல்ஸ் பார்ப்பதும் புரோகிராம் எழுதுவதும் ஒரே திரையில் நடப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது. கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நான் பயன்படுத்துவது பெரியப்பா மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த பழைய லேப்டாப். பரணில் கிடந்தது. விண்டோஸ் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, ரேமைக் கூட்டி, லினக்ஸ் மிண்ட் ஏற்றினேன். இப்போது அதில்தான் அம்மா மகளிர் குழுக் கணக்கைப் போடுகிறார், அப்பா துணி மீட்டர் கணக்கைப் போடுகிறார், நான் புரோகிராம் எழுதுகிறேன். எங்கள் அப்பாரு (தாத்தா) பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இதுல தோட்டத்து மோட்டார நிறுத்த முடியுமா கண்ணு?" என்று கேட்கிறார். முடியுமுங்க என்று சொல்லியிருக்கிறேன். சுற்றறிக்கையைப் படித்ததும் அம்மா அந்த லேப்டாப்பை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் சொன்னபின் மீற அவருக்குப் பயம். பள்ளியின் பேச்சுக்கு எங்கள் வீடுகளில் இருக்கும் மரியாதை அவ்வளவு. அந்த மரியாதையை இப்படிப் பயன்படுத்தியிருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு 2017-18-ல் வந்தது. தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் நேராகப் பன்னிரண்டுக்குப் போய்விடுகின்றன என்பது அப்போது சொல்லப்பட்ட முக்கியக் காரணம். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது, பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைய வேண்டும் என்றுதான். எங்களுக்கு என்ன நடந்தது? பொதுத் தேர்வு இல்லை என்றதும் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைப் பாதியில் விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டீர்கள். அலைகள் பாடமே எங்கள் வகுப்பில் இன்னும் நடத்தவில்லை. விடுதித் தொட்டிக்காக நாங்களாகத்தான் எடுத்துப் படித்தோம். நுழைவுத் தேர்வுகளில் பதினொன்றாம் வகுப்புப் பகுதியும் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. மூச்சு விடக் கிடைத்த ஒரு வருடத்தையும் இழந்தோம், அடிப்படைப் பாடத்தையும் இழந்துகொண்டிருக்கிறோம். இதைச் சரிசெய்ய மன்றத்தை நிறுத்த வேண்டியதே இல்லை.

எனவே எங்கள் கோரிக்கைகள் இவை. பதினொன்றாம் வகுப்புக்குச் சனிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளையும் மன்றங்களுக்கே திருப்பிக் கொடுங்கள், வருகிற சனிக்கிழமையில் இருந்தே. பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் அக்காக்களுக்கு அரையாண்டுத் தேர்வுவரை ஒரு பாடவேளையாவது கொடுங்கள். அதற்குமேல் வேண்டுமா என்பதை அவர்களிடமே கேட்டு முடிவு செய்யலாம்.

கணினி ஆய்வகச் சாவி கணினி ஆசிரியையிடம் இருக்கட்டும். மதிய இடைவேளையிலும், மாலையில் இரண்டாம் டிரிப் வேன் கிளம்பும்வரையிலும் திறந்து வையுங்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகிறோம், இணைய இணைப்பு வேண்டாம் என்றால் துண்டித்துவிடுங்கள், எங்களுக்கு அது இல்லாமலே வேலை நடக்கும். இந்த மடலுக்கும் எங்கள் ஆசிரியைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அலுவலக பீரோவில் இருக்கும் பொருள்களை இந்த வாரமே உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பெற்றோரை அழைத்து வந்து மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் தருவோம் என்று சொல்வது நியாயம் இல்லை. பறவை நோட்டு வைத்திருந்ததற்கு அந்த அம்மா எதற்கு வேலைக்கு லீவு போட்டு வந்து கைகட்டி நிற்க வேண்டும்? சால்டரிங் அயர்ன் சூடாகும் பொருள், அதை வகுப்பில் வைத்திருக்கக் கூடாது என்றால் சரி, ஆய்வகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குங்கள், அங்கேயே வைத்துப் பயன்படுத்துகிறோம். விடுதித் தொட்டிக் கருவியை எங்களிடம் கொடுத்தால் ஒரே மதியத்தில் மறுபடி பொருத்திவிடுவோம். காவலாளி அண்ணனுக்கு வயதாகிறது, ஏணி வேண்டாம்.

பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள் முழுவதையும் இந்தக் கல்வியாண்டுக்குள் நடத்தி முடிப்பதாக எழுத்தில் உறுதி கொடுங்கள். வீட்டில் பொருள்களைப் பூட்டச் சொன்ன பத்தியைத் திரும்பப் பெற்று, அதே வாட்ஸ்அப் குழுவில் தெரிவியுங்கள். எங்கள் வீட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை எங்கள் பெற்றோரும் நாங்களும் பேசி முடிவு செய்துகொள்கிறோம்.

கடைசியாக, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். அன்று மாணவர் தரப்பில் ஒரு மாணவியும் ஒரு மாணவனும் பத்து நிமிடம் பேச அனுமதி வேண்டும். கூட்டத் தேதியை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் போடுங்கள். தறியை நிறுத்திவிட்டு வர வேண்டியவர்கள், தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வர வேண்டியவர்கள் எங்கள் பெற்றோரில் பலர். ஒரு வாரம் முன்னால் தெரிந்தால் அவர்களும் வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் மன்றத்தின் பதினொன்றாம் வகுப்பு மாணவி